தாத்தா விமானம் கட்டினாரா, பழுது பார்த்தாரா? பெங்களூர் விமானத் தொழிற்சாலை, 1941–45

பதிவு 1 | பித்தளைவில்லை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் தந்தை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவரது வேலை வாழ்க்கையைப் பற்றி எங்கள் குடும்பத்திற்காக ஒரு சிறு குறிப்பு எழுதி வருகிறேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அவர் அங்கே நாள் முழுவதும் என்ன செய்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்று புரிந்தது.

தெரிந்தவற்றைச் சொல்கிறேன். வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பித்தளைப் பாத்திர வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அண்டாவுக்குக் காது வைத்து ரிவிட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) அடிப்பது தாத்தாவுக்குப் பத்து வயதிலேயே கைவந்த வேலை. போர் தொடங்கியதும் செம்புக்கும் பித்தளைக்கும் தட்டுப்பாடு வந்து பட்டறை படுத்துவிட, 1941 இறுதியில், 21 வயதில், பெங்களூர் தண்டு (கண்டோன்மெண்ட்) பகுதியில் இருந்த ஒரு மாமாவை நம்பி ரயிலேறினார். சில வாரங்களில் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். ஒரு பலகையில் ரிவிட் அடித்துக் காட்டச் சொன்னார்களாம். அவர் அடித்த வரிசையைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் வேறு எதையும் கேட்கவில்லையாம். இதைச் சொல்லும் போதெல்லாம் அவர் முகம் மலரும்.

எங்களிடம் எஞ்சியிருப்பவை மூன்று. வாயிற்காவலில் கொடுத்து வாங்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று. ஓரம் மடங்கிய குழுப் புகைப்படம் ஒன்று. பயிற்சிக் காலத்தில் அவரே செய்த அலுமினியக் கருவிப் பெட்டி ஒன்று.

வீட்டில் எல்லோரும் சொல்வது, “தாத்தா சண்டைக்கு விமானம் கட்டினார்” என்பது. சென்ற மாதம் இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, அங்கே விமானம் கட்டவே இல்லை, ஒட்டுவேலைதான் நடந்தது என்று அவர் ஒரே அடியாகச் சொல்லிவிட்டார். மனம் சற்று வாடியது உண்மை. தவறாக எழுதுவதை விட வாடுவது மேல் என்பதால் இங்கே கேட்கிறேன். எது சரி?

இன்னொரு சிறு செய்தியையும் குறித்து வைக்கிறேன். தாத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் வாய்ப்பாடு ஒப்பித்துச் சரியாக முடித்தால், விரல் மடக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். தவறினால் மூன்று தட்டு. வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பதிவு 2 | வரலாற்றுமாணவி

உங்கள் தாத்தா சேர்ந்த காலமே விடையின் பாதியைச் சொல்லிவிடுகிறது, ஐயா. அந்தத் தொழிற்சாலைக்குப் போருக்குள்ளேயே இரண்டு பிறவிகள் உண்டு.

முதல் பிறவி 1940 டிசம்பர் 23. அன்றுதான் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் நிறுவனத்தைப் பதிவு செய்தார். மைசூர் அரசு பங்குதாரராகச் சேர்ந்து நிலமும் கொடுத்தது. அப்போது திவானாக இருந்தவர் மிர்சா இஸ்மாயில். தொழில்நுட்பத்திற்கும் இயந்திரங்களுக்கும் பொறுப்பேற்றவர் வில்லியம் பாலி என்னும் அமெரிக்கர். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திப் பழகியவர் அவர். வால்சந்தும் பாலியும் ஒரு விமானப் பயணத்தில் தற்செயலாகச் சந்தித்துப் பேசியதில் பிறந்த திட்டம் இது. 1941இல் இந்திய அரசு 25 லட்சம் ரூபாய் போட்டு மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. அதே ஆண்டில் ஹார்லோ என்னும் பயிற்சி விமானம் அங்கே உருவாகிப் பறந்தது. 1942இல் கர்ட்டிஸ் ஹாக் சண்டை விமானமும் எழும்பியது. ஆகவே “கட்டவே இல்லை” என்று உங்கள் நண்பர் சொன்னது தவறு. ஆனால் பாகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை என்பதையும், கட்டிய எண்ணிக்கை மிகச் சிறியது என்பதையும் மறைக்கக் கூடாது.

இரண்டாம் பிறவி 1942 ஏப்ரல் 2. அன்று இந்திய அரசு வால்சந்தின் பங்கை வாங்கி, நிர்வாகத்தை முழுமையாகத் தன் கையில் எடுத்தது. மைசூர் தன் பங்கை விற்க மறுத்து வைத்துக்கொண்டாலும் நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தது. நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ரங்கூன் மார்ச்சில் விழுந்துவிட்டது. ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பின் மீது குண்டு வீசினார்கள். 6இல் விசாகப்பட்டினத்தின் மீதும் காக்கிநாடாவின் மீதும் வீசினார்கள். சென்னையில் அரசு அலுவலகங்களையே கடற்கரையை விட்டு உட்பகுதி ஊர்களுக்கு மாற்றினார்கள். அந்த நெருக்கடியில், பாதி உலகம் சுற்றி வரவேண்டிய பாகங்களுக்காகக் காத்திருந்து புதிய விமானம் செய்வதா, கண் முன்னே முடங்கிக் கிடக்கும் விமானத்தை எழுப்பி அனுப்புவதா என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது. தொழிற்சாலை பழுதுபார்ப்புக்குத் திரும்பியது. 1943இல் அமெரிக்க இராணுவ வான்படை அதை ஏற்றுக்கொண்டு 84ஆம் வான்கிடங்காக நடத்தியது. இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த ஏறக்குறைய எல்லா வகை விமானங்களும் அங்கே வந்து போயின.

ஆகவே உங்கள் தாத்தா முதல் சில மாதங்கள் கட்டும் பிரிவைத் தொட்டிருக்கலாம். அடுத்த மூன்றரை ஆண்டுகள் அவர் கை பட்டது பெரும்பாலும் அடிபட்டு வந்த விமானங்களின் மீதுதான்.

பதிவு 3 | ஓய்வுபெற்றஃபிட்டர்

நான் வேறோர் இடத்தில் 31 ஆண்டுகள் விமான உடற்பகுதி வேலை செய்து ஓய்வு பெற்றவன். வரலாறு அம்மையார் சொன்னபடியே இருக்கட்டும். நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஏனெனில் “ஒட்டுவேலை” என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

புதிய விமானம் கட்டுவதில் ஒரு வசதி உண்டு. தகடு புதியது, சட்டம் புதியது, துளை வரைபடத்தில் இருக்கும் இடத்தில் இருக்கும். பழுது பார்ப்பவனுக்கு வரும் விமானமோ தரை தட்டி நெளிந்தது, குண்டு துளைத்தது, உப்புக்காற்றில் அரித்தது. எந்த இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. கெட்ட தகடு எதுவரை கெட்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பழைய ரிவிட்டின் தலையைத் துளைத்து, அடித் தகட்டில் கீறல் விழாமல் தட்டி எடுக்க வேண்டும். ஒட்டுத் தகடு போட்டால், போன வலு அத்தனையும் அந்த ஒட்டின் வழியே திரும்பி வரவேண்டும். கட்டத் தெரிந்தவன் எல்லோருக்கும் பழுது பார்க்கத் தெரியும் என்று சொல்ல முடியாது.

ரிவிட் அடிப்பது இருவர் வேலை. ஒருவர் வெளியே நின்று காற்றழுத்தத் துப்பாக்கியை ரிவிட்டின் தலையில் வைத்து அடிப்பார். மற்றவர் விமானத்தின் வயிற்றுக்குள் படுத்தோ குந்தியோ கனமான இரும்புக் கட்டியை வால் பக்கம் அணைத்துப் பிடிப்பார். அதிர்வில் வால் நசுங்கித் தட்டையாகும். நசுங்கிய வாலின் அகலம் ரிவிட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் அரை மடங்கு இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அதை எடுத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும். இடையில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. எனவே உள்ளே இருப்பவர் தகட்டைத் தட்டித்தான் பேசுவார். ஒரு தட்டு என்றால் “இன்னும் அடி”. இரண்டு தட்டு என்றால் “சரியாக விழுந்தது, அடுத்ததற்குப் போ”. மூன்று தட்டு என்றால் “கெட்டுவிட்டது, எடுத்துவிடு”.

உங்கள் தாத்தா உங்கள் வாய்ப்பாட்டுக்கு மேசையில் தட்டியது அதுதான், தம்பி. அவர் உள்ளே குந்தியிருந்து கட்டி பிடித்தவராக இருந்திருப்பார் என்பது என் ஊகம். அண்டாவின் உட்புறம் கை விட்டுப் பழகியவருக்கு அது பொருத்தமான இடமும்கூட.

பதிவு 4 | பித்தளைவில்லை

ஐயா, இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு அம்மா சொன்னார்: “எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரியும் அப்பா திண்ணைப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். சம்மதம் என்று மட்டும் புரிந்தது; எதற்குத் தட்டுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.”

அம்மாவுக்கு வேறு ஒன்றும் நினைவுக்கு வந்தது. ஏரியில் இறங்கிய விமானத்தை இழுத்து வந்து வேலை செய்ததாகத் தாத்தா சொல்வாராம். பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை என்றே வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பதிவு 5 | வரலாற்றுமாணவி

கதை அன்று, முழு உண்மை. அது கேட்டலினா என்னும் கடல் விமானம். படகு போன்ற அடிவயிறும், அதற்கு மேலே ஒரே நீண்ட இறக்கையும், இரண்டு எஞ்சின்களும் கொண்டது. பெங்களூரில் முதன்முதலாக முழுப் பராமரிப்புக்கு வந்ததே இவ்வகை விமானம்தான். பெல்லந்தூர் ஏரியில் இறக்கித் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள்.

தமிழர்களுக்கு அதனோடு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் வான்படையின் கேட்டலினாக்கள் நின்றன. வங்காள விரிகுடாவைக் கண்காணிக்க அங்கிருந்து புறப்பட்டன. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டு செய்தி அனுப்பியதும் ஒரு கேட்டலினாதான். இலங்கையின் கொக்கலவிலிருந்து கனடா நாட்டு விமானி லியோனார்ட் பிர்ச்சல் ஓட்டிச் சென்றது அது. செய்தி போன சிறிது நேரத்தில் அதைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். மறுநாள் கொழும்பு ஆயத்தமாக இருந்ததற்கு அந்தச் செய்தியே காரணம். பல மணி நேரம் கடல்மேல் பறந்து, உப்புநீரில் இறங்கி ஏறும் அலுமினிய உடலுக்குப் பழுது பார்ப்பவன் எவ்வளவு முக்கியம் என்பதை ஃபிட்டர் ஐயா என்னை விட நன்றாகச் சொல்வார்.

பதிவு 6 | கேள்வியாளன்

இழையைத் தொடங்கியவரை நோகடிக்க இதை எழுதவில்லை. ஆனாலும் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலவில்லை. 1942 ஆகஸ்டில் “வெள்ளையனே வெளியேறு” இயக்கம் நாடெங்கும் எரிந்தபோது, அந்த வெள்ளையனின் போருக்காகத் தட்டப்பட்ட ரிவிட்டுகள்தாமே இவை? என் தாத்தா அந்த ஆண்டு தந்திக் கம்பி அறுத்ததற்காகச் சிறையில் இருந்தவர். அவரும் உங்கள் தாத்தாவும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள் என்றுதானே எழுத வேண்டும்? குடும்பக் குறிப்பில் இதற்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதிவு 7 | பித்தளைவில்லை

கேட்டது நல்லது, இதை நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். தாத்தாவின் தம்பி ஊரில் காங்கிரஸ்காரர். 1942இல் அவரும் ஏழு மாதம் உள்ளே இருந்தார். அண்ணன் மாதாமாதம் அனுப்பிய பணத்தில்தான் தம்பியின் மனைவியும் குழந்தைகளும் சாப்பிட்டார்கள். விடுதலையாகி வந்த தம்பி அந்தப் பணத்தைப் பற்றித் தெரிந்ததும் கோபித்துக்கொள்ளவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. பெங்களூருக்கு வந்து அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கி, கைத்தறித் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாத்தாவுக்குத் தன் வேலையைப் பற்றிக் குழப்பம் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். இருந்ததாம். ஆனால் அவருடைய அக்கா குடும்பம் ரங்கூனில் இருந்தது. 1941 டிசம்பரில் அங்கே குண்டு விழுந்த பிறகு, ஆயிரக்கணக்கான தமிழர்களைப் போலவே அவர்களும் காட்டு வழியே நடந்து திரும்பினார்கள். புறப்பட்டவர்கள் ஐந்து பேர். வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். அக்காவின் பாதங்களைப் பார்த்தவருக்கு, ஜப்பான்காரன் வந்தால் நமக்கு விடுதலை என்ற பேச்சு ஏறவில்லை. வெள்ளைக்காரன் போகட்டும் என்பதிலும் அவருக்கு ஐயமில்லை. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு காலையில் வில்லையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். உங்கள் தாத்தாவும் என் தாத்தாவும் எதிரெதிர்ப் பக்கம் என்று என்னால் எழுத முடியவில்லை, நண்பரே. எங்கள் வீட்டில் அந்த இரண்டு பக்கமும் ஒரே தட்டில் சாப்பிட்டன.

பதிவு 8 | கேள்வியாளன்

இதை அப்படியே எழுதுங்கள். ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.

பதிவு 9 | அல்சூர்பேத்தி

என் தாத்தாவும் அங்கேதான் இருந்தார், எஞ்சின் பிரிவில். எனக்கு இயந்திரம் தெரியாது. எங்கள் ஆயா சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். தாத்தாவின் சட்டையைத் துவைக்கும் முன் ஆயா வாசலில் நின்று உதறுவார். மடிப்பிலும் பையிலும் தங்கிய உலோகச் சீவல்கள் விளக்கு வெளிச்சத்தில் மினுமினுவென்று கொட்டும். பிள்ளைகள் பொறுக்கி விளையாடாமல் இருக்கப் பெருக்கிக் காகிதத்தில் மடித்துப் போடுவது தினமும் ஒரு வேலையாக இருந்ததாம். “வெள்ளி உதிர்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள்” என்பார் ஆயா.

தாத்தா ஒரு எஞ்சினைத்தான் எப்போதும் சொல்வார்: பதினான்கு சிலிண்டர் கொண்டது, வட்டமாக இரண்டு அடுக்காக இருக்கும் என்று. கேட்டலினா எஞ்சினா அது?

பதிவு 10 | ஓய்வுபெற்றஃபிட்டர்

ஆம் அம்மா. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ‘ட்வின் வாஸ்ப்’ (இரட்டைக் குளவி) எஞ்சின், சுமார் 1,200 குதிரைத்திறன். கேட்டலினாவில் இரண்டு, டகோட்டா சரக்கு விமானத்தில் இரண்டு, லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் நான்கு என்று மூன்றுக்கும் அதே குடும்பத்து எஞ்சின்தான். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்கு, பர்மா எல்லையில் பறந்தவற்றில் பெரும்பகுதியைத் தூக்கி நிறுத்தத் தெரியும் என்று பொருள்.

இதன் பயன் போருக்குப் பின்னர்தான் முழுமையாகத் தெரிந்தது. லிபரேட்டரை அமெரிக்கர்கள் 18,000க்கும் மேல் செய்தார்கள். ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் தொழிற்சாலை உச்சத்தில் ஏறத்தாழ மணிக்கு ஒன்று வெளியே தள்ளியது. போர் முடிந்ததும் அவற்றில் பல, மறுபடி பறக்காதபடி வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்டுக் கான்பூரில் குவிந்து கிடந்தன. 1948இல் பெங்களூர் ஆட்கள் அந்தக் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்து, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். தலைமைச் சோதனை விமானியாக இருந்த ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையாகச் சீராகி, சுமார் 40 விமானங்கள் இந்திய விமானப் படையில் சேர்ந்தன. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968இல். நாட்டின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் படையே குப்பைமேட்டிலிருந்து எழுந்தது. எழுப்பியவை போர்க்காலத்தில் பழுது பார்த்துப் பழகிய கைகள். 1951 ஆகஸ்டில் வி. எம். காட்கே என்னும் பொறியாளர் வடிவமைத்த எச்டி-2 பயிற்சி விமானம் பறந்தபோதும் அந்தக் கைகளில் பல அங்கே இருந்தன.

எனவே, தொடங்கியவருக்கு ஒரு விண்ணப்பம். “கட்டினார்” என்று எழுத வேண்டாம். “பழுது பார்த்தார்” என்று எழுதுங்கள்; தலை நிமிர்ந்து எழுதுங்கள்.

இன்னொன்று. அந்தக் கருவிப் பெட்டியில் உள்ள ரிவிட்டுகளின் தலையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மொழுமொழுவென்று இருந்தால் சாதாரண அலுமினியம். நடுவில் ஊசி குத்தியது போல் சிறு குழி இருந்தால் விமானத்திற்கான கலப்பு உலோகம். இரண்டு சிறு கோடுகள் புடைத்திருந்தால் மிக வலுவான வகை. அதை உலையில் பதப்படுத்தி உடனே பனிப்பெட்டியில் வைப்பார்கள். வெளியே எடுத்த பத்து, இருபது நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். தாமதித்தால் இறுகி, அடிக்கும்போது விரிசல் விடும்.

பதிவு 11 | வரலாற்றுமாணவி

போர் முடிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் தொழிற்சாலை ரயில் பெட்டிகளும் கட்டியது. அந்தப் பிரிவு 1964–65இல் தனி நிறுவனமாயிற்று.

பதிவு 12 | பித்தளைவில்லை

தாத்தா ரயில் பெட்டிப் பிரிவுக்குத்தான் மாறினார். 1978இல் ஓய்வு பெறும் வரை அதிலேயே இருந்தார். ரயிலில் போகும்போது ஏறுவதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டில் ரிவிட் வரிசையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நடப்பார். வண்டி கிளம்பிவிடப் போகிறதே என்று பாட்டி பதறுவார்.

நேற்று பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து, சன்னலோரம் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். மூடி, அடி, பக்கங்கள் அனைத்திலுமாக 112 ரிவிட்டுகள். 108இல் நடுவில் சிறு குழி தெளிவாகத் தெரிகிறது. கைப்பிடியை மூடியோடு பிணைக்கும் நான்கில் மட்டும் குழி இல்லை. இரண்டு கோடுகள் புடைத்திருக்கின்றன. கைப்பிடியின் வளைவும், அது அமர்ந்திருக்கும் விதமும் எங்கள் வீட்டுப் பழைய அண்டாவின் காதைப் போலவே இருக்கின்றன. நான்கும் நேராக விழுந்திருக்கின்றன, விரிசல் இல்லை.

குறிப்பின் முதல் வரியை மாற்றிவிட்டேன். அம்மாவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை, இரண்டு தட்டுக் கேட்டது.